ஐஸ் ஹாக்கிக்காரருக்கு அயனம்பாக்கத்தில் பிரிவு உபசாரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பணி ஓய்வுப் பாராட்டு விழா. மைக் செட், பிளாஸ்டிக் நாற்காலி, கேசரி, பஜ்ஜி, சால்வை... எல்லாம் உண்டு.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ஓய்வு பெற்றவருக்கு வயது நாற்பத்தொன்று. ஊர் ஸ்வீடன். பார்த்த வேலை — ஐஸ் மேல் ஹாக்கி ஆடுவது. அதை விட்டே ஆறு வருஷம் ஆகிறது!

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நில்ஸ் எங்கள் எதிர் ஃப்ளாட். அவர் மனைவி காரினுக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பு. மனைவிக்கு மாற்றல் வந்தது, கூடவே இவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நம் ஊரில் இது ஒன்றே ஒரு வாரப் பேச்சுக்குக் காணும். போதாததற்கு முதல் நாளே லிஃப்ட் வாசலில் தனசேகர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

தனசேகர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இதே அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் அபார்ட்மென்டின் சீனியர் சிட்டிசன் குழுவுக்குத் தலைவர் — தன்னைத் தானே நியமித்துக்கொண்ட தலைவர்.

"இன்னா சார் வேல பாக்குறீங்க? வாட் ஒர்க்?"

"ரிட்டயர்ட்" என்றார் நில்ஸ்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவரை சீனியர் சிட்டிசன் வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிட்டார் தனசேகர். ரிட்டயர்ட் என்றால் சீனியர்தானே? வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? முழங்கால் தைலம், சுகருக்கு வெந்தயத் தண்ணீர், ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம்... எல்லாம் அந்த மனுஷன் ஃபோனிலும் வந்து விழ ஆரம்பித்தது. அவரோ இதை ஏதோ உள்ளூர் மரியாதை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுநாள் காலை ஏரிக்கரை வாக்கிங்குக்கு அரை டிராயரோடு வந்து நின்றுவிட்டாராம்.

"யக்கா, ஆளு பாக்கத்தான் மல மாதிரி கீறாரு. நம்ம பெருசுங்கள உட மெதுவா நடக்குறாரு. ரெண்டு முட்டியும் காலியாம்!" என்று என்னிடம் வந்து சொன்னார் தனசேகர்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொன்னால் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, அதே ஃபேக்டரியில் தலை நரைத்தவர். சில மாதங்களுக்கு முன்பு ரிட்டயர் ஆனார். நம் ஃபேக்டரிகளில் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆளுயர மாலை போடுவார்கள். சால்வை போர்த்துவார்கள். அப்புறம் வேனில் ஏற்றி, செக்‌ஷன் ஆட்கள் மொத்தப் பேரும் கூடவே வந்து, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் ஆரத்தி எடுத்து, வந்தவர்களுக்கு ஸ்வீட்டும் காபியும் கொடுக்க வேண்டும். அவரையும் அப்படித்தான் விட்டார்கள்.

விட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சோபா, டிவி, டிவியில் சத்தம் கிடையாது. வாக்கிங் போங்களேன் என்றால், "எதுக்கு?" காய்கறி வாங்கி வாங்களேன் என்றால், "நீயே போயேன்." தனசேகர் இன்டர்காமில் கூப்பிட்டால், "இல்லைன்னு சொல்லு." முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் எரிச்சல். அப்புறம்... பயம். நிஜமாகவே பயந்தேன். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிற மனுஷனை என்ன செய்வது? டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" வாராவாரம் ஊருக்கெல்லாம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். வீட்டுக்குள் என் பேச்சு செல்லுபடியாகவில்லை. இந்த மனுஷர் இப்படியே கரைந்து போய்விடுவாரோ என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் கரன்ட் போய்விட்டது. மாலைதான் வருமாம். வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். எதிர்க் கதவும் திறந்தது. அங்கிருந்தும் ஒரு நாற்காலி.

நான் உள்ளே அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காது மட்டும் வாசலில்!

இவர் பேசியது ஃபேக்டரி இங்கிலீஷ். அவர் பேசியது ஸ்வீடன் இங்கிலீஷ். இரண்டுமே இலக்கணத்தைப் பெரிதாக மதிக்காதவை என்பதால் நன்றாக ஒத்துப்போயின. நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"ஐஸ் மேலயா? நாங்க மீன் பொட்டியிலதான் ஐஸ் பாத்திருக்கோம். வழுக்காதா?"

"வழுக்கணும். அதுக்குத்தான் அடியில கத்தி வெச்ச ஷூ."

"கோல் நிறையப் போட்டிருக்கீங்களா?"

"ரொம்பக் கம்மி. நான் டிஃபென்ஸ். எதிராளி அடிக்கிறதுக்குக் குறுக்க போய் விழறதுதான் என் வேலை. பந்துகூடக் கிடையாது... கெட்டியான ரப்பர் வில்லை." சொல்லிவிட்டு முன்பல் செட்டைக் கழற்றிக் காட்டினாராம்.

எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார்.

கீரை என் கையில் அப்படியே நின்றது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாகிறது!

"ஒரு ஆள் எவ்வளவு நேரம் ஆடணும்?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல. முழு மூச்சா ஆடிட்டு வெளிய வந்து உக்காந்துடணும். அடுத்த செட் உள்ள போகும். திரும்ப நம்ம முறை வரும். அதை ஷிஃப்ட்னு சொல்லுவோம்."

"ஒரு நிமிஷ ஷிஃப்டா? உங்க யூனியன் பலே யூனியன்யா!"

கொஞ்சம் கொஞ்சமாக முழுக் கதையும் வந்தது. ஸ்வீடனில் வடக்கே ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் ஊர் ஏரி உறைந்துவிடும். நடக்கக் கற்ற கையோடு அதில் ஆடக் கற்றிருக்கிறார். பதினெட்டு வயதில் ஊர் கிளப்பிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்தார். நடுவில் கொஞ்ச காலம் ஜெர்மனி, மற்றபடி அதே கிளப்தான். நாட்டு அணியில் ஆடியதில்லை. பேப்பரில் பெரிய படமெல்லாம் வந்ததில்லை. ஆனால் ஊரில் பால் வாங்கப் போனால் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம்.

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"நான் விடல" என்றார் நில்ஸ். "லீவுல இருந்தேன். ஃபோன் வந்துச்சு. இந்த வருஷம் சின்னப் பசங்கள வெச்சு ஆடப்போறோம், இதுவரைக்கும் ஆடினதுக்கு நன்றின்னு சொன்னாங்க."

"ஃபங்ஷன்?"

"என்ன ஃபங்ஷன்?"

"மாலை... சால்வை... வேன்?"

"ஒண்ணும் இல்ல."

நில்ஸே தொடர்ந்தார். "சீசன் கடைசி மேட்ச் முடிஞ்சதும் ஐஸ் மேலயே ஒரு சுத்து வந்து, மட்டையைத் தூக்கி ஜனங்களுக்கு நன்றி சொல்லுவோம். அது எங்க பழக்கம். அன்னைக்குத் தோத்துட்டோம். எனக்குச் செம கடுப்பு. மட்டையை வீசிட்டு நேரா உள்ள போயிட்டேன். அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அதுதான் கடைசின்னு எனக்கு யாருமே சொல்லலையே..."

வேறு ஏதாவது கிளப் கூப்பிடும் என்று மட்டை, ஷூ, ஜெர்ஸி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வாசலிலேயே வைத்திருந்தாராம். யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பை அவரோடு அயனம்பாக்கத்துக்கும் வந்திருக்கிறது.

அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"எனக்கு மாலை போட்டாங்க நில்ஸ். மாலை போட்டு, வண்டியில ஏத்தி, கூட்டமா வந்து, அழுதுட்டுப் போனாங்க. சாவுக்குச் செய்யறதெல்லாம் செஞ்சாங்க. கொளுத்தல... அது ஒண்ணுதான் பாக்கி."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் பக்கத்திலேயே இருக்கிற என்னிடம் சொல்லாததை, நேற்று வந்த எதிர்வீட்டுக்காரரிடம் சொல்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அரைக்கீரை மேலேயே அழுதேன். கரன்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

விஷயத்தை தனசேகரிடம் யார் சொன்னது? நான்தான். வேறு யார்?

"இன்னா யக்கா சொல்ற நீ? ஒரு மாலகூட போடாமயா அனுப்சிட்டானுங்கோ? அவ்ளோ பெரிய ஆள? உடு, நாம போட்ருவோம்!"

எங்கள் வீட்டுக்காரர் குதித்தார். "மாலை கீலைன்னு யாராவது வந்தீங்க... அவ்வளவுதான்! மாலை போட்டுட்டா மனுஷன் காலி. நான் படறது போதாதா? அவனையும் சோபாவுல உக்கார வைக்கணுமா?"

"அண்ணாத்தே, கோச்சுக்காத. அந்தாள் கைல கேட்ருவோம்" என்றார் தனசேகர்.

கேட்டார்கள். நில்ஸ் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார். "போடச் சொல்லுங்க. முடிஞ்சுதுன்னு யாராவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். நான் இன்னும் அந்த ஃபோனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

எங்கள் வீட்டுக்காரர் நேராக உள்ளே வந்தார். முகச்சவரம் செய்தார். குளித்தார். "பைக் சாவி எங்க?" என்றார். நான் காட்டுவதற்குள் தானே எடுத்துக்கொண்டு, மைக் செட்டுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் சொல்ல வேலப்பன்சாவடிக்குக் கிளம்பிவிட்டார்! பால்கனியில் நின்று, பைக் தெருமுனை திரும்புகிற வரை பார்த்தேன்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் 'பின்னாடி பனி வேணும்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கயிலாய மலையைப் போட்டுவிட்டார். சிவபெருமானை மட்டும் கடைசி நிமிஷத்தில் எடுத்தார்களாம். முன்னால் நில்ஸ், கையில் நம்மூர் ஹாக்கி மட்டை. கீழே 'பணி நிறைவு பாராட்டு விழா'. காரின் அதை ஃபோட்டோ எடுத்து ஸ்வீடனில் இருக்கிற மாமியாருக்கு அனுப்பினாள்.

ஞாயிறு சாயங்காலம் நில்ஸ் அந்தப் பையைப் பிரித்து, தன் பழைய கிளப் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு வந்தார். சென்னை வெயிலுக்கு அது கம்பளி மாதிரி. வேர்த்துக் கொட்டியது. தனசேகர் மைக்கைப் பிடித்து, அண்ணன் நில்ஸ் அவர்கள் தாய்நாட்டுக்காகப் பல் இழந்தவர் என்று ஒரே போடாகப் போட்டார். நாட்டு அணியில் ஆடவில்லை என்று யாரும் திருத்தவில்லை. பல் போனது உண்மைதானே?

மாலையை எங்கள் வீட்டுக்காரர்தான் போட்டார். போட்டுவிட்டு மைக் இல்லாமலே சொன்னார். "நில்ஸ், மேட்ச் முடிஞ்சிடுச்சு. நல்லா ஆடின."

நாமெல்லாம் மாலை விழுந்த மறு நொடியே கழற்றிவிடுவோம், இல்லையா? அவர் கழற்றவில்லை. மட்டையை எடுத்தார். நாற்காலி வரிசைகளைச் சுற்றி, அந்த வலிக்கிற முட்டியோடு, மெதுவாக ஒரு சுற்று வந்தார். வந்து நின்று மட்டையை உயர்த்தினார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தனசேகர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள்... அப்புறம் கைதட்டல் நிற்கவே இல்லை. காரின் என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஆறு வருஷமா அந்தப் பையைத் தூசி தட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

முடிந்ததா? எங்கே முடிகிறது! வீட்டில் கொண்டுபோய் விட வேண்டாமா?

வீடு மாடியில்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். "ரூல்னா ரூல்தான் யக்கா! வண்டில ஏத்து!" என்றார் தனசேகர். யாரிடமோ வேனை இரவல் வாங்கி, அவரே ஓட்டி, நில்ஸை முன் சீட்டில் உட்கார வைத்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்து, கிளம்பிய அதே கேட்டில் இறக்கினார்கள். நான் மாடிக்கு ஓடிப்போய் ஆரத்தி கரைத்து, காரின் கையில் தட்டைக் கொடுத்து, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் காபி குடித்தார்கள், கை குலுக்கினார்கள், கிளம்பினார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அவர்கள் வாசலிலேயே நின்றார்.

"என்னைக் கொண்டுவந்து விட்டவங்க ஒருத்தர்கூட அப்புறம் வரல" என்றார் நில்ஸிடம். "நான் நாளைக்குக் காலைல வருவேன். ரெடியா இரு."

"எதுக்கு?"

"தெரியாது. முதல்ல வரேன். அப்புறம் யோசிக்கலாம்."

திங்கட்கிழமை காலை, நான் எழுந்து வருவதற்குள் ஆளைக் காணோம். எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம்தான் கேட்டது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது சமீபத்தில் ரிட்டயர் ஆனாரா? மாலையெல்லாம் போட்டாச்சு இல்லையா... கிளம்புங்கள், போய்க் கதவைத் தட்டுங்கள்!