ஐஸுக்குச் செய்த ரீலும் சோஹார் வெயிலும்

இரைக்காகக் கணவாய் மீன் வெட்டிய விரலை எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் நாற்றம் போகாது. ஓமானின் சோஹாரில் எங்கள் வெள்ளிக்கிழமைகளின் வாசனையே அதுதான்...

டியூட்டி இல்லாத நாள். நானும் ரூம்மேட் சேகரும் ஹார்பர் சுவரில் கால் தொங்கப்போட்டு மீன் பிடிப்போம். பிடிப்போம் என்பது ஒரு பேச்சுக்கு. இரை போகும், மீன் வராது. ரூமுக்கு வந்து, கேன்சலில், அதாவது வேலை முடிந்து விசா ரத்தாகி, ஊருக்குப் போன ஒருவர் விட்டுப்போன ரைஸ் குக்கரில் சோறு வைத்து, முட்டை பொரித்துச் சாப்பிடுவோம்.

2008 முடிகிற நேரம். துபாயில் வேலை போய், கடன் கட்ட முடியாமல், காரை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு ஆட்கள் ஓடுகிறார்கள் என்று கதை கதையாக வந்தது. எங்கள் சைட்டிலும் ஒருவரைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, டீ கொடுத்து, "கலாஸ்" என்று ஒரே வார்த்தையில் வேலையை முடித்து அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஆபீஸில் யாராவது டீ குடிக்கிறாயா என்றாலே வேண்டாம் என்று நழுவிவிடுவேன்.

காரணம் இருந்தது. அப்போதுதான் ஃபேமிலி விசா கிடைத்திருந்தது. மாலதியும் இரண்டு வயது மகளும் அடுத்த மாதம் வரவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்களில் மட்டும்தான். வேலை போனால் விசாவும் போச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் கென் என் ஸ்டோருக்கு வந்தார். கனடாக்காரர், எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர். கவுன்ட்டரில், தூண்டில் லைன் சுற்றுகிற இரண்டு குட்டி ரீல்களை வைத்தார்.

"சூஸ் ஒன், மை ஃப்ரெண்ட்."

நான் ஸ்டோர்கீப்பர். ஒரு நட்டு கேட்டாலும் எதுக்கு என்று கேட்கிற ஜாதி. மேனேஜர் சும்மா ஒரு பொருளைக் கொடுத்தால் விடுவேனா? எதையாவது கணக்கில்லாமல் எடுக்கப் பார்க்கிறாரோ... இல்லை, என்னைச் சோதிக்கிறாரோ?

ஒன்று அகலச் சக்கரம் வைத்து பளபளவென்று இருந்தது. மற்றது சின்னது. பெரியதை எடுத்தால் பேராசைக்காரன் என்று நினைப்பார். சின்னதை எடுத்தேன். கென் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பெரியதை என் கையில் திணித்தார்.

"சக்கரம் பெருசா இருந்தா லைன் சுருளாது. ஒரு சுத்துக்கு நிறைய ஏறும்" என்று இங்கிலீஷில் விளக்கினார். அவர் ஊரில் ஏரி உறைந்துபோகுமாம். அதில் ஓட்டை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ரீலாம் இது!

ரூமில் சேகர் நம்பவே இல்லை. "ஐஸுக்குள்ள மீனா? அது ஃப்ரீசர்லதான்டா இருக்கும். வெள்ளக்காரன் சும்மா குடுப்பானா மாப்ள? அன்னைக்கு டீ குடுத்தானுங்க... உனக்கு ரீலு."

அவ்வளவுதான். உடனே மாலதிக்கு ஃபோன் போட்டேன்.

"வீட்டக் காலி பண்ணாத. கொஞ்சம் பொறு."

"என்னங்க ஆச்சு? டிக்கெட் போட்டாச்சுல்ல? பாப்பா தினம் ஏரோப்ளேன் ஏரோப்ளேன்னு குதிக்கிறா."

மேனேஜர் ரீல் கொடுத்தார், அதனால் பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கென்னே ஹார்பர் சுவருக்கு வந்தார். சேகருக்கு ஓவர்டைம், நாங்கள் இருவர் மட்டும். என் பழைய ரீலில் லைன் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறும், இறங்கும். அதில் முறுக்கு விழுந்து, கீழே இரை தன்னைத்தானே சுற்றும். இந்த ரீலில் காத்தாடி நூல் உருளை மாதிரி, லைன் நேராக வந்து நேராகப் போகிறது. தூரமாக வீச முடியாது. விரலால் அதிலிருக்கும் சின்ன விசையை அழுத்தினால் சக்கரம் தானாக ஓடி, இரை சுவரை ஒட்டிச் செங்குத்தாக இறங்கும்.

"சுத்துற இரையைப் பாத்தா மீனுக்குச் சந்தேகம் வந்துடும்" என்றார் கென். எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைச் சொல்லவில்லைதான்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. இரை ஆடாமல் நின்றது. ஒரு விளமீன் வந்து பார்த்தது, விலகியது, மறுபடி வந்தது... கவ்வியது! கையில் அந்தத் துடிப்பு இன்னும் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

"சார்... எனி ப்ராப்ளம் ஃபார் மீ?"

கென் திரும்பிப் பார்த்தார். "ஃபார் யூ? நோ... நோ ப்ராப்ளம். கால் யுவர் வைஃப்." பிறகு வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன். ஏதோ மறைக்கிறாரே என்று.

மறைத்தார்தான். சனிக்கிழமை காலையில் அவர் கேபின் காலி. இன்னொரு ரீல் டிரைவருக்கு, காபி மெஷின் செக்யூரிட்டிக்கு என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கென்னை கேன்சல் பண்ணிவிட்டார்கள்.

சேகர் தலையில் அடித்துக்கொண்டான். "நம்ம ரூம் ரைஸ் குக்கர், என் மெத்தை, எல்லாமே கேன்சல்ல போனவன் குடுத்ததுதானே மாப்ள... குடுக்கிறவன்தான் போறான்னு நமக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் மேனேஜருக்கும் அது நடக்கும் என்று எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

மாலதியும் பாப்பாவும் சொன்ன தேதியில் வந்து இறங்கினார்கள். அதன்பின் எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. பாப்பா இப்போது என்னோடு இங்கிலீஷில்தான் சண்டை போடுகிறாள். அந்தச் சுவர்ப் பக்கம் இன்று யாரையும் விடுவதில்லை, வேலி போட்டுவிட்டார்கள்.

போன வாரம் மாலதி, கருவேப்பிலைத் தொட்டியை எதிர் ஃப்ளாட் பெண்ணிடம் கொடுத்தாள். வாங்கிய கையோடு அந்தப் பெண் கேட்டுவிட்டாள்:

"அய்யோ... எப்பக்கா கெளம்புறீங்க?"

ஒரு செடிதான் கொடுத்தோம். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

ஆமாம் நண்பர்களே, இந்த மாதம் நாங்களும் கேன்சல். சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ரீலைத் தூக்கிக் காட்டி மாலதி கேட்டாள், "நாமக்கல்ல கடலும் இல்ல, ஐஸும் இல்ல. யாருக்காவது குடுத்துடவா?"

வேண்டாம் என்றேன். எப்போ கிளம்புறீங்க சார் என்று கென்னை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ரீல் என்னோடு ஊருக்கு வரட்டும்.