வெந்நீரில் போட்ட மவுத்பீஸ்

ஒரு பிரெஞ்சுக்காரரின் முப்பது வருட உழைப்பை என் அம்மா பத்து நிமிடம் கொதிக்கவைத்தாள். மரியாதைக்காகத்தான் செய்தாள்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தம்பி கைக்குழந்தை. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு வேறு ஊரில் ப்ராஜெக்ட். மாதத்துக்கு இரண்டு முறை வருவார். சித்தப்பா எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. டீச்சர் கேட்டால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில்தான் அந்தப் பிரெஞ்சுக்காரர் இருந்தார். எனக்கு அங்கிள், அம்மாவுக்குப் பிரெஞ்சண்ணன். இருபத்திரண்டு வயதில் ஒரு சாக்ஸபோனோடு நியூயார்க்கில் வந்து இறங்கியவராம். கப்பலில் வாசித்திருக்கிறார். பெரிய பெரிய ஜாஸ் ஆட்களுக்குப் பின்னால் நின்று வாசித்திருக்கிறார். அந்த இசைத்தட்டுகளை ஒருமுறை எனக்குக் காட்டினார். எல்லாவற்றிலும் அவர் பெயர் உறையின் பின்பக்கத்தில்தான் இருந்தது, எறும்பு அளவு எழுத்தில். நாங்கள் பார்த்தபோது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் பாரிஸிலிருந்து வந்தார். நியூயார்க்கில் ஒரு ரெக்கார்டிங். அந்தக் காலத்தில் கேட்ட அதே நாதம் வேண்டும், நீதான் வாசிக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். இந்த முறை முன் அட்டையிலேயே அங்கிள் பெயரும் வரும். அவர் அதைச் சொன்னபோது அம்மா கேசரி கிண்டினாள்.

ரெக்கார்டிங் சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஆட்கள் வந்து இடித்தார்கள். தூசி படக்கூடாது என்று சாக்ஸபோன் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு அவர் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

நான் பள்ளி விட்டு வந்தபோது தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா துணி துவைக்கக் கீழே போனாள். நான் பெட்டியைத் திறந்தேன். சாக்ஸபோனைத் தொடப் பயமாக இருந்தது. ஓரத்தில் மவுத்பீஸ் தனியாக இருந்தது. உச்சியில் செருகி வாயில் வைத்து ஊதுகிற கறுப்புத் துண்டு. அதை எடுத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. இன்னும் பலமாக ஊதினேன்.

"அட என்ற சாமீ!" அம்மா துணிக்கூடையோடு வாசலில் நின்றாள். "அவரு வாய்ல வெக்கறதப் போயி எச்சப் பண்ணிப்போட்டியே! நாளைக்கு அண்ணன் எத்தாப்பெரிய காரியத்துக்குப் போறாரு!"

குழாய்த் தண்ணீரில் கழுவினால் எச்சில் போகும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. தம்பியின் பால் புட்டியைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கொதித்ததும் மவுத்பீஸைப் போட்டாள். சற்று நேரத்தில் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் வந்தது. "பாரு, எத்தன வருசத்து அழுக்கோ!" என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

வெளியே எடுத்தபோது கறுப்பு போய்ப் பச்சையும் பழுப்புமாக ஒரு நிறத்தில் இருந்தது. அம்மாவின் முகம் மாறியது. துடைத்து, பளபளப்பு வரட்டும் என்று ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினாள். வரவில்லை.

வேலையிலிருந்து வந்த சித்தப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அண்ணி, இத பாயில் பண்ணீங்களா? இது கெட்டி ரப்பர் அண்ணி, சூட்டுல கோணிப்போயிரும்! பேசாம ரசத்துல போட்டிருக்கலாம், வாசனையாவது நல்லா இருந்திருக்கும்."

"மறுக்கா ஒண்ணு வாங்கிக் குடுத்தரலாமுங்களா தம்பி?"

சித்தப்பா சிரிப்பை நிறுத்தினார். "சாக்ஸக்கூட மாத்துவாங்க, இத மாத்தமாட்டாங்க. நியூயார்க் வந்ததுலேர்ந்து இதே ஒண்ணுதான்னு அவரே சொல்லியிருக்காரு. அவரோட சவுண்டே இதுலதான் இருக்கு."

ஆறு மணிக்கு அங்கிள் வந்தார். அம்மா தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பா இங்கிலீஷில் சொல்வதற்கு முன்பே அவர் மேஜைமேல் இருந்ததைப் பார்த்துவிட்டார். எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார், ஊசியில் நூல் கோக்கப் பார்ப்பதுபோல. நுனியில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ஒரே இடத்தில் இரண்டு முறை ஓட்டினார். பிறகு சிரித்தார். முப்பது வருடத்தில் இதை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கழுவியதில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சத்தம் வந்ததா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நாளைக்கு வேலை முடிந்து வந்ததும் சொல்லித்தருகிறேன்," என்றார்.

அம்மா சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு போனார். சுவர் வழியாக அவர் வாசிப்பது கேட்டது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றது. வழக்கமான சாதகம் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுப்பாடம் எழுதினேன். அம்மா மாவுக் கரண்டியைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை கோட்டு போட்டுக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டார். வர ராத்திரியாகும் என்றார். ஆனால் மதியச் சோற்றுக்கு நாங்கள் உட்கார்ந்தபோது, பார்க்கிங் லாட்டைக் கடந்து பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். "அங்கிள் வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"அதுக்குள்ள ரெக்கார்டிங் ஓவரா?" என்று சித்தப்பா இங்கிலீஷில் கேட்டார்.

அவர்கள் மேல் தப்பில்லை, ஸ்டூடியோ ஒரு நாளைக்குத்தான் கிடைத்திருந்தது, வேறொருவரை வரச்சொல்லிவிட்டார்கள் என்றார் அவர். சத்தமில்லாமல்தான் சொன்னார்; அவருக்குப் பதில் வேறு யாரோ வாசிக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குச் சித்தப்பா சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் அது ஓடிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மவுத்பீஸில், அதிர்ந்து சத்தம் தருகிற மெல்லிய நாணல் பட்டையைப் பொருத்தி என் கையில் கொடுத்தார். கீழுதட்டைப் பல்மேல் மடித்து வைக்கச் சொன்னார். ஏழெட்டு முறை காற்றுதான். அதன் பிறகு வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் கை தட்டினார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, எனக்குச் சொல்லித்தரத்தான் அங்கிள் எல்லாத்தையும் விட்டுட்டுச் சீக்கிரம் வந்துட்டாரு!"

அம்மா திரும்பவில்லை. சித்தப்பாவும் அங்கிளும் என் பின்னாலேயே வந்திருந்தார்கள். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கிள் அவர் கையைத் தொட்டு, நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். சித்தப்பா சொன்னார்.

"ஆமாம், அதற்குத்தான் வந்தேன்," என்றார் அவர்.

திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர் கேட்காமலே கை தூக்கினேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரிய பிரெஞ்சு வித்வான் இருக்கிறார், எனக்கு ஊதக் கற்றுக்கொடுப்பதற்காக நியூயார்க்கில் ரெக்கார்டிங்கையே விட்டுவிட்டு வந்தார் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் பள்ளியில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.