குறையாத உப்பு

கடலூரில் நான் வேலை பார்க்கும் விடுதியில் உப்புத் தண்ணீர் நீச்சல் குளம் இருக்கிறது. கரைத்த உப்பிலிருந்தே குளோரின் தயாரிக்கும் இயந்திரத்தைப் பராமரிப்பது என் பொறுப்பு. ஒரு வாரமாக அதில் 'உப்பு குறைவு' என்று சிவப்பு விளக்கு எரிந்தது. மூட்டை மூட்டையாகக் கொட்டியும் அணையவில்லை.

குளத்தைச் சுத்தம் செய்யும் செல்வி அக்காவுக்கு ஊர் தேவனாம்பட்டினம். வீட்டில் கருவாடு போடுகிறவர்கள். கருவாட்டுக்கு உப்பு வேண்டுமே என்று என் புத்தி போனது.

"அக்கா, பையக் கொஞ்சம் தொறங்க" என்றேன், எல்லோர் முன்னாலும்.

திறந்தார். டிபன் பாக்ஸும் மாற்றுப் புடவையும் இருந்தன.

"எங்க வூட்ல உப்புக்கா சார் பஞ்சம்?" என்றார், மெதுவாக.

மறுநாள்தான் இயந்திரத்தைக் கழற்றினேன். போர்வெல் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு அதன் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து, அளவைத் தவறாகக் காட்டியிருக்கிறது. கழுவி மாட்டியதும் விளக்கு அணைந்தது. குளத்துத் தண்ணீரை நாக்கில் வைத்தேன். கரித்தது.

நாலு திருகாணியைக் கழற்றச் சோம்பல்பட்டு, ஒரு மனுஷியின் பையைத் திறக்கச் சொன்னவன் நான்.

மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்றார்.

ஆனால் இன்றும் வீட்டுக்குக் கிளம்பும்போது, யாரும் கேட்காமலே, என் முன்னால் நின்று பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகிறார். வேண்டாம் அக்கா என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.