அசையாமல் நின்ற வெள்ளை விளக்கு

2025 பிப்ரவரி 20, வியாழன். வழக்கம்போல் எழுந்து கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, குளித்து, கூழ் குடித்து, ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்தேன். மதியம் தயிர்சாதம். மாலை திரும்பியபோது வீட்டு வாசலில் தம்பியின் பைக் நின்றிருந்தது. செங்கத்து மெக்கானிக் பழுது நீக்கி, மினி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். முன்னால் எல்.இ.டி. விளக்கையே மறுபடியும் பொருத்தியிருந்தார். ஹேண்டில்பாரில் தொங்கிய துணிப்பையில், போன வருஷம் கழற்றி வைத்த பழைய ஹாலஜன் விளக்கு இருந்தது. எது வேண்டுமென்று சொன்னால் அதையே மாட்டித் தருவதாக லாரிக்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தார். தம்பி மனைவி கதவருகில் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. செங்கத்திலிருந்து ஏறும் பாதையின் மேல்வளைவுகள் எங்கள் முற்றத்திலிருந்து தெரியும். தம்பி செங்கத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறான். இருட்டிய பிறகுதான் வருவான். பாதையில் வரும் மற்ற பைக்குகளெல்லாம் ஒவ்வொன்றாக வெள்ளை வெளிச்சத்துக்கு மாறிவிட்டிருந்தன. அவனுடைய பழைய வண்டி மட்டும் மஞ்சளாக எரியும். அந்த மஞ்சள் முதல் வளைவில் தெரிந்ததும் தம்பி மனைவி உலையில் மாவைப் போடுவாள். அவன் வந்து கைகால் கழுவி உட்காரும்போது களி ஆவி பறக்க இருக்கும். திருமணமாகி வந்த நாள் முதல் அவளுடைய மாலை வேலையெல்லாம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடந்தது.

சென்ற ஆண்டு ஆடியில், பாதை நடுவில் படுத்திருந்த கறுப்பு மாட்டின் மேல் மோதப் பார்த்துத் தப்பி வந்தான் தம்பி. மறுநாளே எல்.இ.டி. பேச்சு தொடங்கியது. நான் மெக்கானிக்கிடம் போய் விசாரித்து வந்தேன். ஹாலஜன் மங்கல், பேட்டரியைத் தின்னும். ஆனால் மஞ்சள் என்பதால் பனிமூட்டத்தில் கண்ணைக் குழப்பாது. எல்.இ.டி. தூரம்வரை தெளிவாகக் காட்டும். ஆனால் பனி இறங்கினால் எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். பனி இறங்கும் நாள்கள் சில, இருட்டோ எல்லா நாளும் என்று கணக்குப் போட்டு நான் எல்.இ.டி. பக்கம் பேசினேன். தம்பி மனைவி மஞ்சளே இருக்கட்டும் என்றாள். காரணம் கேட்டதற்கு, தூரத்திலேயே அவன்தான் என்று தெரிகிறதே என்றாள்.

“இன்னாம்மா இது? நான் வழி பாக்க லைட்டு போடறதா, நீ களி கிண்ட லைட்டு போடறதா?” என்றான் தம்பி. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அந்த வாரமே எல்.இ.டி. வந்தது.

அதன் பிறகு அவளால் நேரம் பார்த்து உலை வைக்க முடியவில்லை. எந்த வெள்ளை அவனுடையது என்று தெரியாது. ஒரு நாள் களி ஆறிக் கட்டியாகிவிடும். இன்னொரு நாள் அவன் வந்து காத்திருப்பான். கொஞ்ச நாளில், அவன் வண்டிச் சத்தம் வாசலில் கேட்ட பிறகே அடுப்பைத் தொட்டாள்.

கார்த்திகையில் ஒரு நாள் மாலையிலிருந்தே தூறல். பாதையில் ஒரு வளைவில் மட்டும்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே யாராவது வண்டியை நிறுத்திப் பேசுவது தினமும் நடப்பது. அன்றும் அங்கே ஒரு வெள்ளை விளக்கு நின்றது. அவள் இரண்டு முறை வெளியே வந்து பார்த்தாள். “யாரோ போன் பேசறாங்க போல, மாமா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தாள். நானும் பார்த்தேன். மழையில் வேறு வண்டி ஏறவில்லை. கடைசியில் மேலே வந்த பஸ்ஸின் டிரைவர்தான் அவனைக் கண்டார். பைக் பள்ளத்தில் சாய்ந்து விளக்கு எரிந்துகொண்டிருக்க, அதன் அடியில் தொடை எலும்பு முறிந்து கிடந்தான். போன் தடுப்புச்சுவரைத் தாண்டி விழுந்துவிட்டது. எங்கள் வீட்டு விளக்கைப் பார்த்தபடியே கத்திக்கொண்டிருந்தானாம்.

தொடையில் கம்பி வைத்துக் கட்டிய பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் நடந்ததைச் சொன்னான். மலையிலிருந்து உருண்ட பாறை ஒன்று வளைவில் கிடந்திருக்கிறது. அதற்கு ஒதுங்கும்போது சறுக்கியிருக்கிறான். “பழைய லைட்டா இருந்தா நேரா அதுமேலயே ஏத்தியிருப்பேண்ணா. கல்லு தெரிஞ்சதே இந்த லைட்டாலதான்.”

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அவள் தலை நிமிராமல் சொன்னாள்: “எங்களுக்கு நீங்க தெரியலியே.”

இரண்டும் உண்மை. எனக்குக் கணக்குகள் சரியாக முடிய வேண்டும். இது இன்றுவரை முடியவில்லை. அதன் பிறகு வீட்டில் யாரும் விளக்குப் பேச்சை எடுக்கவில்லை, பிப்ரவரியில் அந்தத் துணிப்பை வரும்வரை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் தம்பி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுத்த மாதம் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னான். பிறகு அவளைப் பார்த்து, “உனக்கு எது வேணுமோ அதையே மாட்டிக்கறேன். மஞ்சள்னா மஞ்சளு” என்றான். அவள் உடனே ‘சரி’ என்பாள் என்றே நினைத்தேன். அவள் பையிலிருந்து பழைய விளக்கை எடுத்து, கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, திரும்பவும் பையிலேயே போட்டாள்.

“வெள்ளையே இருக்கட்டும். உங்களுக்குக் கல்லு தெரியணும். இனிமே நிக்கிற லைட்டு எதுவா இருந்தாலும் நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

“அவன் அவன் போன் பேசினு இருப்பான். தினம் மலையெறங்கி நலம் விசாரிக்கப் போறியா?” என்றான் தம்பி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“பேசினு இருந்தா திரும்பி வந்துடறேன்” என்றாள்.

மறுநாள் காலை, அடுப்பு மூட்டுவதற்கும் முன்பாக, அவள் கொடுவாளை எடுத்துக்கொண்டு முற்றத்தின் ஓரத்துக்குப் போனாள். கீழ்வளைவுகள் இரண்டை மறைத்து வளர்ந்திருந்த உண்ணிப்புதரை அடியோடு வெட்டத் தொடங்கினாள்.