ரத்தத்துக்கும் அதே மாத்திரை, முகத்துக்கும் அதே மாத்திரை

மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் பாதி உண்மையை மாத்திரை வாங்கும்போது சொல்வார்கள், மீதியைச் சாப்பிட்ட பிறகு சொல்வார்கள். என்னைப் போலக் கடையில் நின்று கால் கடுக்கிற உங்களுக்கு இது புதிதில்லை.

வெட்டுக்குத்து

"இல்லைன்னு சொல்லாத, அந்தா அலமாரியில இருக்கு" என்று ஒரு அம்மா கண்ணாடிப் பெட்டி மேல் ஏறாத குறை. வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் முழுக்க பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கும். அந்த அம்மாவுக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள். எல்லாருக்கும் முகம் வெளுக்கிற மாத்திரை வேண்டும்.

எல்லாம் டெய்லர் சரோஜா அக்காவால் வந்தது. மாதவிலக்கில் பெரும்பாடு கண்டு, தையல் மிஷினில் உட்கார முடியாமல் சுருண்டு கிடந்தார். லேடி டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், மாதம் அந்த நாலைந்து நாளைக்கு மட்டும். போக்கு கட்டுப்பட்டது, அக்கா மறுபடி மிஷினை மிதித்தார். கூடவே கன்னத்தில் கருப்பாகப் படர்ந்திருந்த மங்கும் லேசாகத் தெளிந்துவிட்டது. ரவிக்கை தைக்க வந்தவர்கள் அளவு கொடுத்ததைவிட அந்தக் கன்னத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

அது முகத்துக்கான மாத்திரை இல்லை, ரத்தப்போக்கை நிறுத்துகிற மாத்திரை என்று நான் சத்தமாகவே சொன்னேன். அந்த அம்மா அசையவில்லை.

"ரத்தம் நிக்கிறதுன்னா நின்னுட்டுப் போவுது, நான் என்ன வெட்டுக்குத்துக்கா போறேன்? எடுப்பா."

பல்

பூலாம்பாடிக்காரர் ஒருவர் துண்டின் முனையில் முடிந்துவைத்திருந்த காலி அட்டையை அவிழ்த்து நீட்டினார். அதே மாத்திரை. வீட்டுப் பெண்களின் உதிரப்போக்கை ஆண்கள் கடையில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அட்டையைக் காட்டுவார்கள், பேப்பரில் சுற்றித் தரச் சொல்வார்கள், ஓடிவிடுவார்கள்.

"யாருக்குங்க?" என்றேன்.

"எனக்குத்தான். பல்லு புடுங்குனேன், ரத்தம் நிக்கல."

பல் பிடுங்கினாலும் டாக்டர்கள் இதைக் கொடுப்பது உண்டுதான். ஆனால் அவர் பேசும்போதே பார்த்தேன், வெற்றிலைக் காவி ஏறி எல்லாப் பல்லும் வரிசையாக இருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. "எந்தப் பல்லுங்க? எல்லாம் இருக்கே" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குரலை இறக்கினார்.

"பல்லும் இருக்கு, பொண்டாட்டியும் இருக்கா. சுத்திக் குடு தம்பி."

சீனி

பெட்டிக்குள் இருந்த சீட்டு இங்கிலீஷில் இருந்தது. நான் பத்தாவதில் கோட்டை விட்டதே இங்கிலீஷில்தான். அதனால் லேடி டாக்டரிடமே போய்க் கேட்டேன். கட்டின ரத்தத்தைக் கரையவிடாமல் இந்த மாத்திரை பிடித்துவைக்கும், அதனால்தான் போக்கு நிற்கிறது என்றார். முன்பே காலிலோ நெஞ்சிலோ ரத்தம் கட்டியவர்கள் தின்றால் அந்தக் கட்டியும் கரையாது, ஆளுக்கே ஆபத்து. முகம் தெளியுமா என்றால், சிலருக்குத் தெளியலாம், ஆனால் ஆளைப் பார்க்காமல் கொடுக்கிற மருந்து இல்லை.

இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் திருச்சியிலிருந்து இன்னும் ரெண்டு பெட்டி இறக்கியிருந்தார். டாக்டர் சீட்டில்லாமல் வருகிறவர்களிடம் யாருக்கு, எதுக்கு என்று கேட்டுத்தான் கொடுக்கணும் என்றேன்.

"ஏன்டா, மளிகைக் கடையில சீனி கேட்டா, சக்கரை வியாதி இருக்கான்னு கேட்டுட்டா நிறுக்குறான்?"

ஒத்தைக் கொலுசு

அமுதா அக்கா எங்கள் தெரு. புருஷன் குவைத்தில். அவர் வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து அக்கா முகத்துக்காக அந்த மாத்திரையை அரிசி போலத் தின்றிருக்கிறார். பாதி நாள் முதலாளி கையாலேயே வாங்கியிருக்கிறார்.

அன்றைக்கு வந்தவர் படியேறும்போதே முனகினார். வலது காலில் கொலுசு இருந்தது, இடது காலில் இல்லை. ஏன் என்றேன்.

"இறுக்குச்சு, கழட்டிட்டேன். கெண்டைக்கால் கல்லாட்டம் இருக்கு. நடந்தா சரியாயிடும். நீ மாத்திரையக் குடு."

"முன்னாடி இப்படி வந்திருக்காக்கா?"

"சின்னவன் பொறந்தப்ப. ரத்தம் கட்டிக்கிச்சுன்னு திருச்சி பெரியாஸ்பத்திரியில படுக்கப் போட்டாங்க. அதுக்கென்ன இப்ப?"

லேடி டாக்டர் சொன்ன அதே கட்டி. கொடுக்கமாட்டேன் என்றேன். கல்லாவிலிருந்து முதலாளி "குடுறா" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரு வர்றதுக்குள்ள மூஞ்சி தெளியணும்டா. மூணு வருசம் கழிச்சு வர்றாரு" என்றார். நான் கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தி, திட்டத் திட்ட ஏற்றி லேடி டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு அடிகூட நடக்கக் கூடாது என்று கட்டிலில் படுக்கவைத்து, கார் பிடித்துத் திருச்சிக்கு அனுப்பினார். இன்னும் கொஞ்ச நாள் தின்றிருந்தால் அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறியிருக்கும் என்று என்னிடம் சொன்னார்.

அக்கா பிழைத்து வந்துவிட்டார். மங்கு அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் கடை வழியாக மெதுவாக நடந்து போனவரிடம், மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மூஞ்சிய எங்கடா பாத்தாரு? வந்த நாள்லேருந்து காலைத்தான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

மிச்சமிருக்கிற ரெண்டு பெட்டியையும் வாசல் கண்ணாடியில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அடுக்கச் சொல்லி முதலாளி தினமும் கத்துகிறார், நான் அதை மேல்தட்டில் கிரைப் வாட்டர் பாட்டில்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாசலில் இடம் பத்தலைங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.