கதை கொள்ளும் கருவி

தொண்ணூறுகளின் கடைசியில், மேலப்பாளையத்தில் துபாய்ச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் அவளைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் பீடித்தூளின் மஞ்சள் ஏறியிருந்தது. சும்மா நிற்கும்போதும் அந்த விரல்கள் வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தன.

பிடித்ததை வாங்கிக்கொள்ளச் சொல்லி, வெளிநாட்டிலிருந்து அவள் கணவன் பணம் அனுப்பியிருந்தான். கடைக்காரர் ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்தார்.

"குடுக்குத துட்டுக்கு இதுதான் தங்கச்சி லாபம். பீடி சுத்திக்கிட்டே கேக்கலாம்லா?"

"பாட்டு அதுபாட்டுக்கு ஓடிரும். படிச்சா, புடிச்ச எடத்துல நிக்கலாம்" என்றவள், கையடக்கமான எலக்ட்ரானிக் டைரி ஒன்றை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இதுல ஒரு கதை கொள்ளுமா? ரெண்டு கையும் வேலையில கெடக்கு. புஸ்தகத்தப் பிரிச்சு வச்சா மூடிக்கிடுது."

வாங்கிப் பார்த்தேன். திரையில் மூன்று வரிதான் தெரிந்தது. போன் நம்பர் எழுதிவைக்கத்தான் ஆகும் என்றேன்.

அவள் அதை மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"கதை கொள்ளுத மாதிரி என்னைக்காவது வருமாக்கா?"

"வரும்" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப அது வரட்டும்" என்று எதுவும் வாங்காமல் போய்விட்டாள்.

இப்போது அது வந்துவிட்டது, செல்போனாக. மேலப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், இந்த வீடுகளில் ஏதோ ஒன்றில் அவள் அதை எதிரே நிறுத்திவைத்துப் படித்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.