ஜித்தாவுக்கு ஐந்து நாள்

கட்டுநாயக்காவிலிருந்து லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம் என்கிறது கைபேசி. மகள் விமானமேறி அரை மணித்தியாலம்தான் ஆகிறது; அதற்குள் திரையை நாற்பது தடவை பார்த்துவிட்டேன்.

வாப்பா முதன்முதலாக ஜித்தாவுக்குப் பறந்த அன்று, பள்ளிவாசல்துறை வீட்டில் உம்மாவும் இப்படித்தான் தவித்தார். பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

"எத்தின மணித்தியாலம் மகன்?"

வகுப்பில் கணக்குப் புலியான நான், அட்லஸில் அடிமட்டம் வைத்துத் தூரத்தை அளந்து, எனக்குத் தெரிந்த ஒரே வேகமான கல்பிட்டி பஸ்ஸின் வேகத்தால் பிரித்தேன்.

"அஞ்சு நாள் உம்மா."

வீட்டுக்குள் மணலும் மீன்செதிலும் சேர்ந்தன. உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடைத் தொலைபேசிக்கு வாப்பா பேசினார்: "நான் அண்டைக்கே வந்துட்டேனே!"

உம்மா அழுதார், சிரித்தார், விளக்குமாற்றை எடுத்தார். முதல் வீச்சு என் முதுகில்.

"இன்னும் எவ்வளவு நேரமாம்?" என்று மனைவி கேட்கிறாள். கைபேசியை அவளிடமே கொடுத்துவிட்டேன்.